தொடை எலும்பில் ராடு: கேள்வி பதில்

தம்பிக்கு விபத்தில் தொடை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. பிளேட் வைக்காமல் ராடு வைக்கிறார்கள். ஏன் டாக்டர்?

பெரியவர்களின் நடுத்தண்டு முறிவுக்கு ராடுதான் முதல் தேர்வு. பிளேட் எலும்பின் ஒரு பக்கத்தில் உட்காரும். ராடு எலும்பின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் இருப்பதால் பாரம் நடுவாக இறங்கும். முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறக்கவே வேண்டாம். மேலும் கீழும் போடும் ஸ்க்ரூக்கள் கால் குட்டையாகாமல், திருகாமல் பிடிக்கும். இடுப்பருகே எலும்பின் கழுத்தும் விரிசல் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது முறிவு கவனத்துக்குத் தப்புவதுண்டு. தம்பி புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு சேர்வதை அது தாமதப்படுத்தும்.

எலும்பு சேர்ந்ததும் ராடை எடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. வலியோ தொற்றோ இருந்தால்தான்.

மஜ்ஜைக் குழாயை உள்ளே குடைந்து அகலமாக்கிவிட்டு ராடு போடுவதால் மஜ்ஜையின் ரத்த ஓட்டம் போய்விடாதா? குடையாமல் மெல்லிய ராடு போடுவதுதானே நல்லது?

உள்பக்க ரத்த ஓட்டம் குறைவது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக எலும்பை மூடியிருக்கும் வெளியுறைப் பக்கத்திலிருந்து ஓட்டம் கூடுகிறது. குடையும்போது உதிரும் எலும்புத் தூள் முறிவிடத்தில் சேர்ந்து ஒட்டுக்கு உதவுகிறது. தடித்த ராடும் உள்ளே போகும். கனடாவில் நடந்து 2003-இல் வெளியான ஒப்பீட்டில், குடைந்தவர்களில் 1.7 சதவீதமும் குடையாதவர்களில் 7.5 சதவீதமும் எலும்பு சேராமல் போனது.

குடையும்போது கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்குமே? அதை ஏன் சொல்லவில்லை?

நியாயமான கேள்வி. ஆனால் முறிவினாலேயே கொழுப்பு கசியும். குடையாமல் ராடைச் செலுத்தினாலும் மஜ்ஜையில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் குடையாத ராடு நுரையீரலுக்குப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மார்பில் பலத்த அடிபட்டவருக்கும் நிலை மோசமாக இருப்பவருக்கும் முதலில் வெளிச்சட்டம் (தோலுக்கு வெளியே இருந்து எலும்பைப் பிடிக்கும் சட்டம்) பொருத்தி, தேறியபின் ராடு வைப்போம். எப்போது வைக்கிறோம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். மற்றபடி தொடையில் நான் குடைந்துதான் போடுவேன்.

என் ராடை எடுக்கலாமா? ஒரு வருஷம் ஆகிறது.

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

மகனுக்கு எட்டு வயது. அவனுக்கும் இதே ராடுதானா?

கூடாது. வளரும் வயதில் இந்த ராடை மேலிருந்து இறக்கினால் தொடைத் தலைக்குப் போகும் ரத்தக் குழாய் சேதமாகலாம். வளையும் மெல்லிய டைட்டானியக் கம்பிகள் இரண்டை எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டைத் தொடாமல் போடுவார்கள். குழந்தை எலும்பு மருத்துவரிடமே போங்கள்.

நாலு மாதமாகியும் எலும்பு சேரவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

எக்ஸ்ரே பார்க்காமல் சொல்ல முடியாது. புகைக்கிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள்.

மூட்டு மாற்று சிகிச்சை பற்றிச் சொல்லுங்கள்.

என் துறை இல்லை. மூட்டு மாற்று செய்பவரிடம் கேளுங்கள்.

அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் ஏழு வருஷமாகச் சாப்பிடுகிறார். விழவில்லை, ஆனால் வலது தொடையில் வலி. ராடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதானே?

சம்பந்தம் உண்டு. இம்மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களில் அரிதாக, தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் விழும். முழுதாக முறியும் முன் பலருக்கு இப்படித்தான் வலிக்கும். இந்த வாரமே இரண்டு தொடைகளுக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுங்கள், வலி ஒரு பக்கம் மட்டும் என்றாலும். அதுவரை வலக்காலில் பாரம் குறைவாக இருக்கட்டும். மாத்திரையைத் தொடரலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரை உடனே கேளுங்கள். விரிசல் தெரிந்தால், முறியும் முன்பே ராடு வைத்துக் காப்பாற்ற முடியும்.