வாசகர் கேள்வி பதில்: வழுக்கும் கிளட்ச்

கேள்வி: என்னுடைய 150 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக் 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். சில வாரங்களாக ஐந்தாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கிளட்ச் வழுக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றுவதற்கு முன் செலவில்லாத இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும் (சரியான அளவு வண்டியுடன் தந்த கையேட்டில் இருக்கும்). பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும்; கேபிள் எந்நேரமும் விறைப்பாகவே இருந்தால், பிரஷர் பிளேட் (மற்ற பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது) முழுமையாக அழுந்தாமல் நல்ல பிளேட்டும் வழுக்கும். அடுத்தது ஆயில். உங்கள் வண்டியின் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே சுழல்வது என்பதால், உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் வழுக்கத் தொடங்கிவிடும். டப்பாவில் ஜாஸோ (JASO என்ற ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருக்க வேண்டும். எம்பி (MB) என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது.

இவை இரண்டும் சரியென்றால் திறந்துதான் ஆக வேண்டும். 'செட்' என்று மெக்கானிக் சொல்வதில் எவையெல்லாம் அடங்கும் என்று முதலில் கேளுங்கள். உராய்வுப் பிளேட்டுகளோடு ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம். சூட்டில் அவை நீளமும் விசையும் குறைந்து போயிருக்கும், விலையும் பெரிதில்லை. இடையிலுள்ள ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்து, வளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தவையும், வெந்து நீலம் பாய்ந்தவையும் திரும்ப உள்ளே போகக் கூடாது. விலை கூடுதலான ஹவுசிங்கை (பிளேட்டுகள் அடங்கியிருக்கும் வெளிக்கிண்ணத்தை) மாற்றுவதா என்பதற்கு உங்கள் விரல் நகமே போதும். பிளேட்டின் காதுகள் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள்) வந்து உட்காரும் அதன் விளிம்பில் நகத்தை மெல்ல இழுங்கள். தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அதை விட்டுவிடலாம், படிக்கட்டில் இறங்குவதுபோல் தடுக்கித் தடுக்கி வந்தால் புதிய பிளேட்டும் அந்தப் பள்ளங்களில் சிக்கிக்கொண்டு சீராக விலகாது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகம் வாங்கும்போது பழைய பிளேட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய சாமான் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், கிளட்ச் பிளேட் மட்டும் வேண்டாம். புதிய பிளேட்டுகள், வண்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் இரவு முழுவதும் ஊற வேண்டும். அரை மணி நேரத்தில் வண்டியைத் தருகிறேன் என்பவரிடம், முந்தைய நாளே வீட்டில் ஊறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். அவை இறங்கும் அலுமினியத் தூண்கள் எளிதில் உடைபவை. மூடிக்குப் புதிய பேக்கிங் போடுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சோழிங்கநல்லூர் சிக்னலில் நியூட்ரலுக்குப் போகாமல், பாதி கிளட்சில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அடுத்த செட் இத்தனை கிலோமீட்டர் வராது.

கேள்வி: புதிய பிளேட் போட்டதிலிருந்து சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழ மறுக்கிறதே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: லீவரை முழுமையாகப் பிடித்தும் கிளட்ச் விலகவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிளில் தளர்வு அதிகமாக விடப்பட்டிருக்கும்; அதைக் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகும் தீரவில்லையென்றால், வளைந்துபோன பழைய ஸ்டீல் பிளேட்டுகளையே திரும்பப் போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.