நட்சத்திர வேட்பாளருக்கு ஏன் ஓட்டு விழுகிறது?

கேள்வி: சினிமாவிலும் கிரிக்கெட்டிலும் பெயர் எடுத்தவர்கள் தேர்தலில் நின்றால், அதுவரை தொகுதிக்குள் கால் வைக்காதவர்களாக இருந்தாலும் ஓட்டு விழுகிறதே? நம் ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வரும்? – வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியின் பின்பாதியை என்னால் ஏற்க முடியாது. பிரபலம் நின்றாலே மக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், 1989-ல் சிவாஜி கணேசன் திருவையாற்றில் தோற்றிருக்க மாட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவரைத் தெரியாத வீடு உண்டா? 2009-ல் ஆந்திராவில் சிரஞ்சீவி போன இடமெல்லாம் ஜனக்கடல். ஓட்டு எண்ணியபோது அவருடைய பிரஜா ராஜ்யம் கட்சிக்கு 294 இடங்களில் 18 மட்டுமே. சொந்த மாவட்டத்துப் பாலக்கொல்லில் தோற்று, திருப்பதியில் ஜெயித்ததால் சட்டசபைக்குப் போனார். கோவை தெற்கில் 2021-ல் கமல்ஹாசன் 1,728 ஓட்டில் தோற்றார். பார்க்க வருகிற கூட்டம் வேறு, ஓட்டுப் போட வருகிற கூட்டம் வேறு. இது மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனாலும் ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள். வேட்பாளர்களின் இறுதிப் பட்டியல் வந்த பிறகு பிரசாரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே வாரம். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் சட்டப்படி செலவு செய்யக்கூடியது 95 லட்சம் ரூபாய். அதாவது தலைக்கு 6 ரூபாய் சொச்சம். இந்த அவகாசத்தில், இந்தப் பணத்தில், பெயரே கேள்விப்படாத ஒருவர் தன்னை யாரென்று 15 லட்சம் பேருக்கு எப்படிச் சொல்லிக்கொள்வார்? வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருக்கிற பெயர்களில் பாதிக்கு மேல் வாக்காளருக்கு அந்நியம். நடுவில் இருபது வருடமாகத் தெரிந்த ஒரு பெயர் இருந்தால் விரல் அங்கே போவதில் என்ன ஆச்சரியம்? முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்க வேண்டியிருந்தால் தெரிந்த முகத்தைத்தானே தேடுவோம்?

‘இவருக்கு இல்லாத பணமா, இனிமேல் வந்தா அடிக்கப் போகிறார்?’ என்ற பேச்சை டீக்கடையிலும் பேருந்திலும் கேட்டிருப்பீர்கள். இந்த வாதம் பலவீனமானதுதான். பணம் இருக்கிறவருக்கு மேலும் பணம் வேண்டாம் என்று எந்த ஊர் அனுபவம் சொல்கிறது? ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிற வலி உண்மை. பதவிக்கு வரும்போது இருந்த சொத்தும் போகும்போது இருந்த சொத்தும் எப்படி மாறின என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அப்படிப் பேசுகிறார்கள். சாதி விஷயமும் இப்படித்தான். கட்சிகள் தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று எண்ணிப் பார்த்து ஆள் நிறுத்தும்போது, ‘எல்லோருக்கும் பொதுவானவர்’ என்று நினைக்க ஒரு முகம் கிடைத்தால் பலருக்கு அது ஆறுதல். தமிழ்நாட்டில் பெரிய சாதி பலம் எதுவும் பின்னால் இல்லாமல் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னதும் ‘பார்த்தீர்களா, சினிமாதானே ஜெயித்தது?’ என்பீர்கள். இல்லை. அவர் தி.மு.க.வில் சேர்ந்தது 1953-ல். 1967-ல் குண்டடி பட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். அப்போதே அவருக்குக் கட்சியில் பதினான்கு வருடம். 1972-ல் வெளியேற்றப்பட்டதும் அ.தி.மு.க. தொடங்கினார். 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அது ஜெயித்தது, 1977-ல் ஆட்சிக்கே வந்தது. இந்த இருபத்துநான்கு வருடத்தில் அவருடைய ரசிகர் மன்றங்கள் கொடி கட்டின, கூட்டம் சேர்த்தன, வாக்குச்சாவடி வரைக்கும் வேலை செய்தன. முகம் மட்டும் போதும் என்றால் சிவாஜிக்கும் அது போதியிருக்க வேண்டும். அவரோ 1988-ல் புதுக்கட்சி தொடங்கி, அடுத்த வருடமே தேர்தலில் நின்றார்.

புகழ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதற்குப் பஞ்சாபின் குர்தாஸ்பூரை விடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. 1998-ல் இந்தி நடிகர் வினோத் கன்னா பா.ஜ.க. சார்பில் அங்கே போய் நின்றார். வெளியூர்க்காரர், ஆனாலும் ஜெயித்தார். அப்புறம் 1999, 2004, 2014 என்று மூன்று முறை அதே தொகுதி அவரை அனுப்பியது; நடுவில் 2009-ல் தோற்கவும் செய்தது. தொகுதிக்குப் பாலங்கள் கொண்டுவந்தவர் என்று அங்கே அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2019-ல் அதே கட்சி அதே தொகுதிக்கு இன்னொரு நடிகரை, சன்னி தியோலை அனுப்பியது. எதிரே நின்ற சுனில் ஜாக்கர் தேர்ந்த அரசியல்வாதி. சன்னி தியோல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் ஜெயித்தார். கொஞ்ச நாளில் ‘எங்கள் எம்.பி.யைக் காணவில்லை’ என்று அந்தத் தொகுதியில் உள்ள பதான்கோட்டில் சுவரொட்டி ஒட்டினார்கள். 2024-ல் அவர் நிற்கவில்லை. தொகுதி காங்கிரசுக்குப் போனது. இரண்டு பேருக்கும் முதல் கதவைத் திறந்து விட்டது புகழ். அந்த மக்கள் வினோத் கன்னாவின் நினைவில்தான் இரண்டாவது நடிகரையும் நம்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையை வீணடித்தது ஜனங்கள் அல்ல.

அதனால் உங்கள் கோபத்தை வாக்காளர் மேல் காட்டாதீர்கள். கட்சி அலுவலகத்துக்குப் போங்கள். பதினைந்து வருடம் பட்டா, குடிநீர், ரேஷன் கார்டு என்று ஜனங்களோடு அலைந்த ஒன்றியச் செயலாளர் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார். அவரை ஒதுக்கிவிட்டு, தொகுதியின் எல்லை எது என்றே தெரியாத ஒருவருக்குச் சீட்டுக் கொடுத்தது யார்? கேட்டால் ‘வெற்றி வாய்ப்பு’ என்பார்கள். அந்தச் செயலாளரை ஊருக்குத் தெரியும்படி வளர்த்துவிடாதது யார் குற்றம்? வளர்ந்தால் தலைமைக்குப் போட்டியாகிவிடுவார் என்ற பயம்தான் காரணம். நட்சத்திரத்தைப் பற்றித் தலைமைக்கு அந்தப் பயம் கிடையாது; தேர்தல் முடிந்ததும் பெரும்பாலும் படப்பிடிப்புக்குத் திரும்பிவிடுவார்.

நட்சத்திரங்கள் நிற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் குடிமக்கள், நிற்கட்டும். ஆனால் சொத்து, கடன், வழக்கு எல்லாம் போட்டு அவர்கள் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது, அதைப் படியுங்கள். பிரசாரத்துக்கு வரும்போது ‘ஜெயித்தால் தொகுதியில் அலுவலகம் எங்கே, மாதத்தில் எத்தனை நாள் இருப்பீர்கள்?’ என்று மைக்கைப் பிடித்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.