புளூபெரிப் பொடி விஷத்தை முறிக்குமா?

அன்புள்ள அக்கா,

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர் புளூபெரி, அசாய், கோஜி ஆகிய பெரிப் பழங்கள் எல்லாம் கலந்த பொடி விற்கிறார். அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருப்பதால் சாப்பாட்டில் உள்ள பூச்சிமருந்து, பூஞ்சை விஷம் எல்லாவற்றையும் முறித்துவிடுமாம். அம்மா மாதாமாதம் வாங்குகிறார். அந்தத் தைரியத்தில், பூசணம் பிடித்த கடலையைக்கூட "வறுத்தால் சரியாகிவிடும்" என்கிறார். உண்மையா?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கடலையைத் தூக்கிப் போடுங்கள். பொடியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கடலை, சோளம், காய்ந்த மிளகாய் இவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோதுதான் இது பிடிபட்டது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பக்கத்தில் பேராக் மாநிலத்திலேயே 1988-இல் லோ ஷி ஃபன் என்ற நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அந்த விசாரணையிலும் போரிக் அமிலத்தோடு இந்த விஷத்தின் பெயர் வந்தது.

பெரி ஏன் இதை முறிக்காது? அஃப்ளாடாக்சின் ஈரலுக்குள் போன பிறகுதான் கொடிய வடிவம் எடுத்து மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிடித்து வெளியே தள்ளுவது ஈரல் தானே தயாரிக்கும் குளுடாதயோன் என்ற பொருள். பெரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டோ மிகச் சிறிதளவுதான் ரத்தத்தில் சேர்கிறது, அதுவும் சீக்கிரம் வெளியேறிவிடும். இப்படிப்பட்ட பொட்டலங்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையைக் காட்ட 'ஓராக்' என்று ஒரு பெரிய எண் போடுவார்கள். அது சோதனைக்குழாயில் அளந்த எண். உடம்புக்குள் அதற்கு அர்த்தமில்லை என்றுதான் அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் ஓராக் பட்டியலையே எடுத்துவிட்டது. ஆன்டிஆக்ஸிடன்ட்டை நிறையச் சாப்பிட்டால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது.

பழமாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நெல்லி, கொய்யா, நாவல் எல்லாம் நல்லவை. அந்த ஆந்தோசயனின்தான் வேண்டுமென்றால், புலுட் தை தை என்ற பலகாரத்துக்கு நீலம் தரும் சங்குப்பூவிலும் இருக்கிறது. வேலியிலேயே பூக்கும், காசு தேவையில்லை.

பூச்சிமருந்துக்கு, காய்களை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

நம் வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது காய்ந்த மிளகாய்க்குத்தான். பினாங்கு ஈரத்தில் மூட்டையாக வாங்கி வைத்தால் வெளியே சிவப்பாகத்தான் தெரியும். காம்பைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தூசி மாதிரிப் படிந்திருக்கும். மில்லில் அரைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கொஞ்சமாக வாங்குங்கள். மொறுமொறுவென்று காயவைத்து, நாலைந்தைப் பிளந்து பார்த்துவிட்டு அரைக்கக் கொடுங்கள். கடலையில் சுருங்கியது, கறுத்தது எல்லாம் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட அஃப்ளாடாக்சினால் ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 30 மடங்கு அதிகம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அம்மா அதற்கு முன்பே பிறந்தவர். அடுத்த மாதப் பொடிக்கு எடுத்து வைத்திருக்கும் காசில் அவருக்கு ஹெப்படைடிஸ் பி ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கிருமி இல்லையென்றால் ஊசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா