கரும்புத் தோட்டக் கூலிகளைப் பற்றிய கலைக்காட்சியில் பார்வையாளரை அழவைப்பது தவறா?

அழவைப்பது தவறில்லை, யோசிக்க இடம் விடாமல் அழவைப்பதுதான் தவறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீங்கள் திட்டமிடும் அறையில் இருட்டு, ஷெனாய், ஆளுயரத்தில் அழும் குழந்தை முகம் மூன்றும் ஒன்றாகப் பாய்கின்றன. முதலில் இசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். படம் சோர்ந்துபோனால், உணர்ச்சி ஒலிபெருக்கியில்தான் இருந்திருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பன் வந்தது. 1911 வரை அப்படி வந்த கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் தழும்புகூட உண்டு. அதில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்மட்டத்தில், சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் மாட்டுங்கள். மனிதரின் தழும்பைச் சரக்கின் அடையாளம்போலக் குறித்த அந்தக் குமாஸ்தா கையெழுத்துக்கு ஷெனாய் எதற்கு? கேப் டவுன் கலைஞர் சூ வில்லியம்சன் அடிமைகளின் விவரங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் பொறித்து, வலைகளில் தொங்கவிட்டார். அழும் முகம் தேவைப்படவில்லை.

காட்சியில் சமநிலை வேண்டும் என்பார்கள் சிலர்; சமநிலை என்றால் தோட்ட முதலாளிக்குப் பாதிச் சுவர் ஒதுக்குவதாம்! அது அபத்தம். கூலிகளை வெறும் பரிதாபப் பொருளாகக் காட்டுவதுதான் உண்மையான சாய்வு. 1913 வேலைநிறுத்தத்தில் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலையை நிறுத்தியவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்த 3 பவுன் வரி மறு ஆண்டே ஒழிந்தது. அதற்கும் அதே அளவு சுவர் வேண்டும்.

குடும்பப் புகைப்படங்களுக்கு வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உண்டியலை மட்டும் அந்தக் குழந்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.