ஆறு சென்டிமீட்டர் எலும்பு ஊசியால் வளருமா?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். சென்ற சம்பா அறுவடையின்போது நெல் ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்ததில், என் கணவருக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி வெளியே வந்துவிட்டது. சேறு ஏறிய துண்டுகளை அகற்றியதால் ஆறு சென்டிமீட்டர் எலும்பு இல்லை. வெளிப்புறமாகக் கம்பி பொருத்தியிருக்கிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து ஊசியாகப் போட்டால் எலும்பு தானாக வளர்ந்துவிடும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். அதற்காக மூன்று மா நிலத்தை ஒத்திக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, நிலத்தை ஒத்திக்கு வைக்க வேண்டாம். மற்ற விளக்கங்களை எல்லாம் இதைச் சொன்ன பிறகே சொல்ல விரும்புகிறேன்.

மஜ்ஜைச் சிகிச்சை பொய்யானதன்று. எலும்பை உருவாக்கக்கூடிய மூல செல்கள் (ஸ்டெம் செல்கள்) நம் மஜ்ஜையில் உண்டு. ஆனால் அவை மிகவும் குறைவு. ஒரே இடத்தில் அதிகமாக உறிஞ்சினால் ரத்தமே கூடுதலாக வரும் என்பதால், இடுப்பெலும்பில் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, சுழற்சி இயந்திரத்தில் செறிவூட்டிய பிறகே செலுத்துகிறார்கள். பிரான்சில் எர்னிகூ என்ற மருத்துவர் இவ்வாறு 60 பேருக்குச் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 53 பேருக்கு எலும்பு ஒட்டியது. ஒட்டாத ஏழு பேருக்குச் செலுத்தப்பட்ட மஜ்ஜையில் மூல செல்கள் குறைவாக இருந்தன. ஆனால் அந்த 60 பேரும் கால் எலும்பு முறிந்து, சீழ் இல்லாமல், ஒட்டாமல் மட்டும் நின்றவர்கள். உங்கள் கணவருக்கோ எலும்பே இல்லாத இடைவெளி இருக்கிறது. இந்த வேறுபாட்டை அந்த மையத்தில் உங்களுக்குச் சொல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

நாற்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதை நடுவதற்கு வயல் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஆறு சென்டிமீட்டர் வெற்றிடத்தில் ஊசியால் விடப்படும் செல்கள் பற்றி நிற்க ஒரு தாங்குதளமும், அசையாத பிடிமானமும், ரத்த ஓட்டமும், கிருமியற்ற சூழலும் வேண்டும். 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் வரை எலும்பிழந்த மூவருக்கு வெற்றி கண்டார்கள் என்றால், மஜ்ஜை செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, நுண்துளைகள் கொண்ட பீங்கான் போன்ற கட்டியில் ஏற்றி, அதை இடைவெளியில் பொருத்தி, வெளிக் கம்பியால் பிடித்து வைத்த பின்னரே அது நிகழ்ந்தது. மூவரின் அனுபவத்தை எல்லோருக்குமான உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு பெரிய குறைக்குப் பல காலமாகக் கைகொடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, காலைச் சுற்றி வெளியே பொருத்தும் இலிசரோவ் வளையம்: நல்ல பகுதியில் எலும்பை வெட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால், பின்னால் புது எலும்பு உருவாகிக்கொண்டே வரும். ஆறு சென்டிமீட்டர் நகர இரண்டு மாதம் ஆகும். அது இறுக இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். மற்றொன்று மாஸ்க்லே முறை: இடைவெளியில் மருந்து கலந்த எலும்புச் சிமென்டை வைத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் அதைச் சுற்றி உருவாகும் சவ்வுக்குள், சிமென்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களை நிரப்புவது. செறிவூட்டிய மஜ்ஜையை இவற்றுடன் துணையாகச் சேர்ப்பதுண்டு, தனியாக அன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிரப் பிற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன; ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்த மையத்தில், இது ஆய்வு என்றால் அதன் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள்.

முதல் வேலை, உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்ப்பதே. சேறு பட்ட காயத்தில் அது வெளியே தெரியாமலும் தங்கியிருக்கக்கூடும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவையும் பாருங்கள். எல்லா எக்ஸ்ரே படங்களையும், அறுவைக் குறிப்பையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை, கம்பி குத்திய இடங்களைத் தினமும் சுத்தமாக வைத்திருங்கள். நடவு நெருங்குகிறது என்று அவரை வயலில் இறங்க விடாதீர்கள்.