மேகியின் 13 வருடங்கள்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். மகனுக்கு 16 வயது, பள்ளி பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவன். உச்ச மட்டமான மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீகுக்குப் போவேன் என்கிறான். ட்ரூ மேகி என்பவர் 13 சீசன் அங்கே கிடந்து, 2023ல்தான் மேஜர் லீகில் பேட் பிடித்தாராம். முதல் வாய்ப்பிலேயே ஸ்ட்ரைக் அவுட், மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றம். வீணாய்ப்போன 13 வருடம் என்றே எனக்குப் படுகிறது. ரஞ்சியோடு நின்றுபோனவர்களும் இப்படித்தானே? மகனுக்கு எத்தனை வருடம் கெடு வைக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரஞ்சியை விட்டுவிடுகிறேன், அது வேறு கதை. மேகியைப் பற்றி நானும் யோசித்துக்கொண்டிருந்ததால்தான் உடனே எழுதுகிறேன்.

2010ல் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை 15வது சுற்றில் எடுத்தது. அப்புறம் ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், ட்வின்ஸ் என்று பல அணிகளின் மைனர் லீக் ஊர்கள். 2021ல் ட்வின்ஸ் மேஜர் லீகுக்கு அழைத்து, ஒரு ஆட்டத்திலும் இறக்காமல் திருப்பி அனுப்பியது. 2023 ஏப்ரல் 26 அன்று, 1,155 மைனர் லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, 33 வயதில் பிட்ஸ்பர்கில், மறுபடி பைரேட்ஸுக்காகவே, பேட்டோடு வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. நீங்கள் ஸ்ட்ரைக் அவுட்டோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட் அடித்தார், பந்தை அடித்து பேஸை எட்டினார். அதுவரை படிக்கப் பொறுமையில்லாதவர் மகனுக்குக் கெடு வைக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

அவரை அழைத்துக்கொண்டது மைனர் லீகின் இரண்டாவது உயர்ந்த மட்டமான டபுள்-ஏயில் ஆடும் அல்டூனா என்ற ஊரிலிருந்து. அந்த மைதானத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருக்கிறேன். வலதுபக்கச் சுவருக்குப் பின்னால் மரத்தாலான ரோலர் கோஸ்டர் தெரிந்தது. ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே, காலி இருக்கைகளுக்கு முன்னால், பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர் ஒருவர் தரையோடு வரும் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பேஸில் கொஞ்சம், ஷார்ட்ஸ்டாப்பில் கொஞ்சம், இரண்டாம் பேஸில் கொஞ்சம். எங்கே ஆள் குறைந்தாலும் நிற்கத் தெரிந்தால்தான் இவர்களுக்கு வேலை. இடம் மாறினால் கால்வைப்பு மாறும், எறியும் தூரம் மாறும். ஒரு பந்து கடைசி நொடியில் எகிறி நெஞ்சில் பட்டது. விழுந்த பந்தை வெறுங்கையால் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்துவிட்டு, இன்னொன்று அடிக்கச் சொல்லி கிளவுஸைத் தட்டினார். அந்த முகத்தில் காத்திருப்பின் களைப்பு எதுவும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். மேஜர் லீக் கூப்பிடாவிட்டால் அந்த மாலை கணக்கில் வராது என்று சொல்ல நீங்கள் யார், நான் யார்?

கோபப்படத்தான் வேண்டுமென்றால் சம்பளத்தைப் பாருங்கள். 2022ல் கூட டபுள்-ஏ வீரருக்குக் குறைந்தபட்சம் வருடத்துக்கு 13,800 டாலர். ஓவர்டைம் கேட்க வழியில்லாதபடி 2018ல் சட்டமே போட்டார்கள். வீரர்கள் சங்கத்தில் சேர்ந்து 2023ல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது 30,250 ஆனது. அதே வருடம் மேஜர் லீகில் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000. மேகி தன் வயதின் நல்ல பகுதியை அந்தப் பழைய கூலிக்குத்தான் ஆடித் தீர்த்தார். கனவைக் காட்டி ஆளைப் பட்டினி போடலாம் என்று நினைத்த முதலாளிகளை ஒரு வார்த்தை கேட்காமல், ஆடியவனிடம் போய் ஏன் வீணாக்கினாய் என்கிறீர்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் மகன். கல்லூரியில் ஆடட்டும், படிப்பும் நடக்கட்டும். மேகியை எடுத்தபோது டிராஃப்ட் 50 சுற்று, இப்போது 20தான். மைனர் லீக் அணிகளும் 2021லிருந்து 120 ஆகக் குறைந்துவிட்டன. ஆள் தேவையில்லை என்றால் அணிகளே தயங்காமல் கழற்றிவிடும், கெடுவை நீங்கள் வைக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் அவன் ஆடியதைப் பார்த்ததாக ஒரு வரி கூட இல்லை. ஒரு ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். எப்படி ஆடுகிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்