நூடல்சலாட் என்றால் மேகி இல்லை, தம்பி

ஃபிராங்க்ஃபர்ட் வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, வரும் சனிக்கிழமை ஆபீஸ் கிரில் பார்ட்டி, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டுமாம், பட்டியலில் 'நூடல்சலாட்' என்ற வரி காலியாக இருந்தது, பெயரை எழுதிவிட்டேன், அப்புறம்தான் பயம் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். சைவம், ஓவனைத் தொட்டதே இல்லை, பேசாமல் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டு போய்விடலாமா அக்கா என்றும் கேட்டிருந்தீர்கள்.

போகலாம், ஆனால் இன்னொரு நாள். திறந்த வெளியில் ஆறி விறைத்த சாதத்தைக் காகிதத் தட்டில் வைத்து முள்கரண்டியால் துரத்துவது அவர்களுக்கும் கஷ்டம், பார்க்கிற நமக்கும் கஷ்டம்.

முதலில் ஒன்று. இங்கே 'நூடல்' என்றால் மேகி இல்லை. எந்த வடிவப் பாஸ்தாவும் இவர்களுக்கு நூடல்தான். வழக்கமான நூடல்சலாட்டில் மயோனைஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய், பட்டாணி எல்லாம் இருக்கும். கூடவே பொடியாக நறுக்கிய இளஞ்சிவப்புத் துண்டுகளும் கிடக்கும். அது காய் இல்லை, ஃப்ளைஷ்வுர்ஸ்ட் என்கிற சாசேஜ். பெரும்பாலும் பன்றி இறைச்சி. அதனால் மேஜையில் மற்றவர்கள் வைத்திருக்கும் கிண்ணத்தில் கேட்காமல் கரண்டி போடாதீர்கள். அடுப்பில் வாட்டுகிற இறைச்சி கண்ணுக்குத் தெரியும், சைவக்காரர் ஏமாறுவது சாலட்டில்தான்.

நீங்கள் மயோனைஸ் பக்கமே போக வேண்டாம். ஓவனில் வாட்டிய காய்கறியும் பச்சைத் தழைகளும் போட்டுச் செய்யுங்கள். இதைக் கட்டுச்சோறு கட்டுகிற வேலையாக நினைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். ரயிலுக்குப் புளியோதரை கிளறும்போது என்ன செய்வோம்? சாதம் சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெய் விட்டு, புளிக்காய்ச்சலை ஒரு கை கூடப் போட்டு, ஊற விடுவோம். பாஸ்தாவும் அப்படித்தான். சூட்டில்தான் உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கும். ஆறினபிறகு ஊற்றினால் வழுக்கிக்கொண்டு அடியில் தேங்கும். குளிர்ந்த சாப்பாட்டில் உப்பு உறைக்காது, அதனால் சூட்டில் ருசி பார்க்கும்போது ஒரு இழை தூக்கலாகவே இருக்கட்டும்.

பத்துப் பேருக்குத் தொட்டுக்கொள்கிற அளவுக்கு 500 கிராம் பொட்டலம் ஒன்று போதும். திருகு வடிவ ஃபுஸில்லி வாங்குங்கள், இடுக்கெல்லாம் சாறு பிடிக்கும். முட்டை சேர்க்காததா என்று அட்டையில் பாருங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், 50 கிராம் உப்பு. பதற வேண்டாம், பெரும்பகுதி வடித்த தண்ணீரோடு போய்விடும். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் கூட வேகட்டும். ஆறினால் இறுகும் என்பதால் சாலட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு.

காய்க்கு இரண்டு சுக்கினி, இரண்டு குடைமிளகாய் (கடையில் 'பாப்ரிகா' என்று இருக்கும், பொடிக்கும் அதே பெயர்தான்), ஒரு பெரிய கத்தரிக்காய், இரண்டு சிவப்பு வெங்காயம். எல்லாம் கட்டைவிரல் நுனி அளவு. எண்ணெயும் உப்பும் போட்டுக் கையாலேயே பிசறிவிடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது இத்தனையையும் ஒரே தட்டில் குவித்து உள்ளே தள்ளினேன். அரை மணி கழித்துத் திறந்தால் ஓவன் முழுக்க ஆவி, தட்டில் தண்ணீர். வாட்டின காய் இல்லை, தாளிக்காத கூட்டு! அன்று அதையே சாதத்தில் போட்டுச் சாப்பிட்டு முடித்தோம். இடம் விட்டுப் பரப்பினால்தான் ஓரம் கருகி இனிப்பு வரும். எனவே இரண்டு தட்டு. குமிழில் விசிறிப் படம் இருக்கிற இடத்தில் 180 டிகிரி வையுங்கள், 25 முதல் 30 நிமிடம், நடுவில் மேல்தட்டைக் கீழே மாற்றுங்கள். ஒரு கை செர்ரி தக்காளியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

தழை விஷயத்தில் ஃபிராங்க்ஃபர்ட்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த ஊரின் க்ரூனே சோஸே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழு தழைகளைப் பொடியாக நறுக்கிப் புளித்த க்ரீமில் கலந்து, வேகவைத்த முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் தொட்டுக்கொள்வது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்தது மாதிரி இதற்கும் 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தழைகள் ஓபெராட் பகுதியில் விளைகின்றன. அங்கே தழைக்கு ஒன்றாக ஏழு குட்டிப் பசுமைக்குடில்கள் கட்டி நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள், நம்மூரில் கறிவேப்பிலைக்கு யாரும் வைக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழும் சேர்த்து வெள்ளைக் காகிதத்தில் சுருட்டிய கட்டாகவே க்ளைன்மார்க்ட்ஹாலே என்கிற சந்தைக் கட்டடத்தில் கிடைக்கும். அந்த ஏழின் பெயர்கள் இங்கே பெட்டர்சீலியே (பார்ஸ்லி), ஷ்னிட்லவுக் (வெங்காயத் தாள் மாதிரி மெல்லியது), கெர்பெல், க்ரெஸ்ஸே, பிம்பினெல்லே, போரெட்ஷ், ஸவுவர்அம்ப்ஃபர். கடைசியாகச் சொன்னதைக் கிள்ளி வாயில் போட்டால் புளிச்சகீரை மாதிரி சுள்ளென்று இருக்கும். நமக்குப் பாதிக் கட்டு போதும். முரட்டுக் காம்பைக் கழித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, கத்தியால் நறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் சட்னியாகிவிடும்.

100 மில்லி ஆலிவ் எண்ணெய், ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, நசுக்கின பூண்டுப்பல், மிளகு, உப்பு. இதை அடித்துக் கலந்து வடித்த சூட்டோடு பாஸ்தாவில் ஊற்றிப் பிரட்டிவிட்டு, காயைச் சேருங்கள். தழையை மட்டும் கிளம்புகிற நேரத்தில் போடுங்கள். எலுமிச்சையோடு நெடுநேரம் கிடந்தால் பச்சை மங்கிப் பழுப்படிக்கும். அப்போதே உப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சீஸ் தூவ ஆசை வந்தால் பர்மேசான் வேண்டாம். பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இல்லாமல் அது செய்யப்படுவதில்லை. ஹிர்ட்டன்கேஸெ என்ற வெள்ளைச் சீஸ் இருக்கும், அட்டையில் 'மிக்ரோபியெல்லெஸ் லாப்' (நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்) என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

வெள்ளி இரவே செய்து ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூடியுள்ள பாத்திரம், அடியில் பெயர் எழுதிய டேப், மேலே கோதுமை, கடுகு, சீஸ் போட்டிருந்தால் பால் என்று ஒரு சீட்டு. அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கிரில்லில் உங்கள் காய்க்குத் தனி அலுமினியத் தட்டு கேட்பதில் கூச்சம் வேண்டாம், இங்கே அது சகஜம். பாத்திரத்தைத் திரும்ப எடுத்துவர மறக்காதீர்கள், என்னுடையவை இரண்டு இன்னும் யார் வீட்டிலோ இருக்கின்றன.

மிச்சம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மேலே இட்லிப்பொடி தூவிச் சாப்பிடுங்கள். அன்றைக்குக் கடையும் திறந்திருக்காது.

ஓவன் குமிழ் புரியவில்லை என்றால் ஒரு போட்டோ அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.